அப்பம் சுட்ட ஆறு வருடம்

பத்திரக்காரர் எதையும் ஒரு தடவை படித்துவிட்டு நம்புகிற மனிதர் இல்லை. ஐம்பது வருடம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு, ஊராருடைய வீட்டுக்கும் நிலத்துக்கும் பத்திரம் எழுதியவர். ஒரு வீடு யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருப்பார். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவார். "இந்த ஆறு வருஷம் வீடு யார்கிட்ட இருந்துச்சு? அதைச் சொல்லுங்க, மிச்சத்தை நான் எழுதறேன்" என்பார். எவ்வளவு பெரிய மனிதர் வந்து நின்றாலும் பதில் வராமல் அந்தப் பேனா திறக்காது.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் மடத்திலிருந்து ஓர் அச்சுப்படி வந்தது.

அவருடைய அக்கா கன்னியர் மடத்தில் சேர்ந்து துறவற வார்த்தைப்பாடு கொடுத்து வரும் மாதத்தோடு அறுபது வருடம் நிறைகிறது. வைர விழா வைக்கிறார்கள். விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் குடும்ப விவரங்களைச் சரிபார்த்து அனுப்பும்படி கடிதம் இணைத்திருந்தார்கள்.

பத்திரக்காரர் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, மேசைக்கு முன்னால் உட்கார்ந்துதான் உறையைப் பிரித்தார். எண்பது வயதிலும் அவர் முதுகு நாற்காலியில் சாய்ந்ததில்லை. வரிக்கு வரி அடிக்கோலை நகர்த்திப் படித்தார். அப்பா பெயர் சரி. அம்மா பெயர் சரி. உடன்பிறந்தோர் இருவர், சரி. 'பணி வாழ்வு' என்ற பக்கத்துக்கு வந்தார். தொழுநோய் மருத்துவமனையில் செவிலியர், நான்கு ஆண்டுகள். அதே மருத்துவமனையில் செவிலியராகவும் பொறுப்பாளராகவும் முப்பத்தொரு ஆண்டுகள். முதிய கன்னியர் இல்லத்தில் பராமரிப்பு, பத்தொன்பது ஆண்டுகள், இன்றுவரை.

மனசுக்குள் கூட்டினார். ஐம்பத்து நான்கு வந்தது. விரல் விட்டு இன்னொரு முறை கூட்டினார். ஐம்பத்து நான்குதான்.

நான்குக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் ஆறு வருடத்தைக் காணோம்.

அந்த ஆறு வருடம் அவருக்குத் தெரியாததல்ல. அக்காவின் கடிதங்கள் திடீரென்று வேறு ஊர் முத்திரையோடு வந்த காலம் அது. அதற்கு முன்னால் பக்கம் பக்கமாக எழுதியவள், 'நான் நலம், வேலை நலம், எல்லோருக்காகவும் செபிக்கிறேன்' என்று மூன்று வரியில் முடித்துக்கொண்ட காலம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரக் கிடைக்கும் பத்து நாள் விடுப்பையும் அந்த நாளில் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ஒரு தடவை, வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, சித்தப்பா மகன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்: "நர்ஸ் வேலையில இருந்து அக்காவை எடுத்துட்டாங்களாமே. சும்மா எடுப்பாங்களா?"

அன்றிலிருந்து பத்திரக்காரர் சித்தப்பா மகனோடு பேசுவதில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வி மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாகக் கூடவே இருந்தது. இளம் வயதுக் கன்னிகை ஒருத்தியை வேலையிலிருந்து எடுத்து, ஊர் மாற்றி, ஆறு வருடம் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கிறார்கள் என்றால் என்ன நடந்திருக்கும்? அதற்கு மேல் யோசிக்க அவருக்கு மனசு கூசியது. யோசிக்காமலும் இருக்க முடியவில்லை.

இப்போது அந்த ஓட்டையை அச்சுப் போட்டு ஐந்நூறு பேருக்குக் கொடுக்கப் போகிறார்கள். சித்தப்பா மகனும் அவன் பிள்ளைகளும் விழாவுக்கு வருவார்கள். அவர்களுக்கும் கூட்டல் தெரியும்.

தங்கைக்குப் போன் போட்டார். அவளுக்கு எழுபத்தாறு வயது. வாய்க்கு மட்டும் இன்னும் இருபது.

"மலர் உனக்கும் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. போட்டோல அக்கா நல்லா சிரிக்குது. என்னை எங்கே போட்டிருக்காங்கன்னு பாத்தேன். கடைசி வரி."

"ஆறு வருஷம் விட்டுப்போயிருக்கு. பாத்தியா?"

"நான் எதுக்குப் பாக்கறேன்?"

"அக்காவை நர்ஸ் வேலையில இருந்து எடுத்தாங்களே, அந்த ஆறு வருஷம். எழுதாம விட்டிருக்காங்க. மறந்து விட்ட மாதிரி தெரியல, மறைச்ச மாதிரி இருக்கு."

"உனக்கு எந்தச் சுவரைப் பாத்தாலும் பின்னாடி ஏதோ புதைச்சு வச்சிருக்கற மாதிரியே தெரியும். அக்கா என்ன வீடா, நிலமா? மனுஷி."

"மனுஷங்ககிட்டதான் வில்லங்கம் அதிகம்."

"இருந்தா இருந்துட்டுப் போகுது. எண்பத்து நாலு வயசுல ஒருத்தியை நிக்க வச்சு என்ன கேக்கப் போறே?"

"நம்ம அப்பா பேரு அதுல இருக்கு."

"ஆமா, அப்பா வந்து படிக்கப் போறாரு. அண்ணே, நான் விழாவுக்குன்னு புதுச் செருப்பு வேற வாங்கிட்டேன். நீ பாட்டுக்குப் போய் விழாவையே நிறுத்திட்டு வந்துடாதே."

மறுநாள் காலையில் அச்சுப்படியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறினார். இரண்டு மணி நேரப் பயணம். அக்காவைப் பார்க்க வருடத்துக்கு ஒரு முறை போகிற வழிதான். இந்த முறை பழம் வாங்கிக்கொண்டு போகவில்லை.

மடத்து வரவேற்பறையில் தரை முகம் தெரிகிற அளவு பளபளத்தது. வாசலில் வருகைப் பதிவேடு இருந்தது. கையெழுத்துப் போட்டார். மலரைத் தொகுக்கிற சிஸ்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பெரிய மூக்குக்கண்ணாடி. அக்கா கடிதங்களில் 'கண்ணாடி சிஸ்டர்' என்று எழுதுவது இவரைத்தான். பழைய தாள்களும் ஃபைல்களும் இவர் பொறுப்பு.

கண்ணாடி சிஸ்டர் பதிவேட்டைப் பார்த்தார். பத்திரக்காரரைப் பார்த்தார். திரும்பவும் பதிவேட்டைப் பார்த்தார்.

"நீங்கதான் அவங்க தம்பியா ஐயா?"

"ஒரே தம்பி."

"உங்க எழுத்து… ரொம்ப அழகா இருக்கு."

பத்திரக்காரர் இதை மனசில் குறித்துக்கொண்டார். ஒரு கையெழுத்தை அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது?

அச்சுப்படியை விரித்து விரலை வைத்தார். "இங்கே ஆறு வருஷம் இல்ல."

"அது சிஸ்டரே வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"அவங்ககிட்டதான் கேக்கணும் ஐயா."

"எழுதறது நீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

கண்ணாடி சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி. பத்திரக்காரருக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. முதல் தாரத்துப் பிள்ளைகளை மறைத்து வீட்டை விற்க வந்தவர்கள் எல்லோரும் அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து இப்படித்தான் கண்ணாடி துடைத்தார்கள்.

"மதரைப் பாக்கணும்" என்றார்.

மடத்துத் தலைவி குள்ளமான, வேகமான பெண்மணி. உட்காரச் சொன்னார். பத்திரக்காரர் நின்றுகொண்டே பேசினார்.

"மதர், நான் சண்டை போட வரல. ஒண்ணு, அந்த ஆறு வருஷம் எங்கக்கா எங்கே இருந்தா, என்ன செஞ்சான்னு எழுதுங்க. இல்ல, எங்கப்பா பேரை மலர்ல இருந்து எடுத்துடுங்க. எங்க வீட்டுல இருந்து யாரும் விழாவுக்கு வர மாட்டோம்."

தலைவி ஒரு கணம் கண்ணாடி சிஸ்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையும் பத்திரக்காரர் கண்ணிலிருந்து தப்பவில்லை.

"அம்பது வருஷம் தாண்டின ஃபைலை, அவங்க சம்மதிச்சா, வீட்டு ஆளுங்களுக்குக் காட்டலாம்" என்றார் தலைவி. "அவங்க இன்னிக்கு வரைக்கும் அதைக் கேட்டதே இல்ல. போய்ப் பேசுங்க. சரின்னு சொன்னா காட்டறோம்."

முதிய கன்னியர் பகுதி பின்கட்டில் இருந்தது. நீண்ட வராந்தா, வரிசையாகக் கட்டில்கள், சோப்பு வாசனை. அக்கா ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி, வெந்நீர்ப் பாத்திரத்தில் முழங்கையை விட்டுக்கொண்டிருந்தாள். படுத்திருந்த கன்னிகைக்கு அவளைவிட நான்கு வயது குறைவு.

இது அவளுடைய பழைய வழக்கம். விடுப்பில் வீட்டுக்கு வரும்போதும் குழந்தைகளுக்குக் குளிக்க எடுத்து வைத்த தண்ணீரில் முதலில் இவள் முழங்கைதான் நனையும். பத்திரக்காரரின் பிள்ளைகள் 'முழங்கை அத்தை' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த முழங்கைக்குக் கீழே, மணிக்கட்டு வரைக்கும், பழைய சூட்டுத் தழும்புகள் கோடு கோடாக இருந்தன. "இரும்பு சுட்டுது" என்று ஒருமுறை சொன்னாள். ஒரு தடவை சுடும், இரண்டு தடவை சுடும். இத்தனை கோடு எப்படி வரும் என்று அவர் அன்றைக்கே சந்தேகப்பட்டார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "வா தம்பி. யாரு செத்தா?"

"யாரும் சாகல."

"சொல்லாம வந்திருக்கே, கையில பழமும் இல்ல. அப்போ ஏன் இந்த மூஞ்சி?"

கையைத் துடைத்து, துண்டை உதறிப் போட்டுவிட்டு அவள் வராந்தா பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். அவர் அச்சுப்படியைக் காட்டினார். அவளுக்குப் பார்வை மங்கல், ஆனால் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

"அந்த ஆறு வருஷம்தானே" என்றாள்.

"எங்கே இருந்தேக்கா?"

"அப்பம் சுட்டுட்டு இருந்தேன்."

"என்ன?"

"பூசைக்கு வைக்கற அப்பம்டா. மாவும் தண்ணியும் கரைச்சு, ரெண்டு இரும்புத் தட்டுக்கு நடுவுல ஊத்தி மூடணும். சுத்துப்பட்டுக் கோவில் எல்லாத்துக்கும் அந்த மடத்துல இருந்துதான் போகும். காலையில அஞ்சு மணிக்கு அடுப்பு பத்த வச்சா மத்தியானம் வரைக்கும். அப்புறம் வட்டமா வெட்டணும், உடைஞ்சதைப் பொறுக்கணும்."

"நர்ஸு படிச்சவளை எதுக்கு அப்பம் சுட அனுப்பினாங்க?"

அக்கா சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டாள். பிறகு, நோயாளியின் நிலையை டாக்டரிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"தொழுநோய் வந்தவங்களுக்குக் காலுல உணர்ச்சி இருக்காது. குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. புண்ணைக் கழுவக் காலைத் தண்ணியில வைக்கறதுக்கு முன்னாடி நாமதான் முழங்கை விட்டுப் பாக்கணும். முதல் நாளே சொல்லிக் கொடுப்பாங்க. அன்னிக்கு ஒரு அம்மாவுக்கு மககிட்ட இருந்து லெட்டர் வந்திருந்துச்சு. எழுதப் படிக்கத் தெரியாது, படிச்சுக் காட்டச் சொன்னாங்க. நான் பாத்திரத்தை வச்சு, காலை எடுத்து உள்ளே விட்டுட்டு, லெட்டரைப் பிரிச்சுட்டேன். தண்ணியைப் பாக்கல. பேரன் நடக்கறான்னு எழுதியிருந்தா. நான் படிக்கறேன், அந்தம்மா சிரிக்கறாங்க. கால் வெந்துட்டிருக்கு, அவங்க சிரிச்சுட்டே இருக்காங்க."

பத்திரக்காரர் அச்சுப்படியை மடித்துத் துணிப்பையில் வைத்தார்.

"கால் போச்சு. எடுத்துட்டாங்க. நானே மதர்கிட்ட போய்ச் சொன்னேன். மூணு வாரத்துல மாற்றல் சீட்டு வந்துடுச்சு."

"இந்தக் காரணம்னு சீட்டுல போட்டிருந்துச்சா?"

"சீட்டுல காரணம் போட மாட்டாங்க. ஊர் இருக்கும், தேதி இருக்கும்."

"நீ கேக்கலையா?"

"கேக்கக்கூடாது. அனுப்பினா போகணும், நான் கொடுத்த வார்த்தைப்பாட்டுல அது ஒண்ணு. அதுவும் இல்லாம, கேட்டுத் தெரிஞ்சுக்க என்ன இருக்கு? எனக்கே தெரியுமே. அதான் இந்தச் சிஸ்டர் வந்து கேட்டப்போ, அது தண்டனைக் காலம், பணின்னு போடாதேன்னு சொல்லிட்டேன்."

பத்திரக்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. அவர் பயந்தது இதையல்ல. ஆனால் இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. ஒரு கவனக்குறைவுக்கு ஆறு வருடமா? படித்த நர்ஸை அடுப்பங்கரையில் வைக்கும் அளவுக்கா? பெரிய பள்ளத்தை மறைக்கச் சின்னப் பள்ளத்தைக் காட்டுகிற ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அக்கா பொய் சொல்ல மாட்டாள். மடம்?

"நான் அந்த ஃபைலைப் பாக்கணும்கா."

"பாரு. எனக்கு வந்து சொல்ல வேண்டாம். நான் செஞ்சது எனக்குத் தெரியும்."

ஃபைல் அறையில் ஒரு ஜன்னல், ஒரு மேசை, இரண்டு இரும்பு அலமாரி. கண்ணாடி சிஸ்டர் நாடா கட்டிய ஃபைலைக் கொண்டுவந்தார். மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லலாமா? இதெல்லாம் ரொம்பப் பழசு. ஒரு டீ குடிச்சுட்டு நிம்மதியா ஊருக்குப் போயிடலாம்."

பத்திரக்காரர் முதல்முறையாகச் சிரித்தார். "ரொம்பப் பழசு, பாக்காதீங்கன்னு சொல்வாங்க சிஸ்டர். அவங்க பத்திரத்துலதான் எப்பவும் வில்லங்கம் இருந்திருக்கு."

கண்ணாடி சிஸ்டர் ஃபைலை வைத்துவிட்டு டீ எடுத்துவரப் போனார்.

முதல் தாள், தொழுநோய் மருத்துவமனை மடத்தின் அந்நாளைய மதர் தலைமை மடத்துக்கு எழுதியது. மே மாதத் தேதி. 'வேறு யாரை வேண்டுமானாலும் மாற்றுங்கள், இவரை மட்டும் விட்டுவையுங்கள். வெந்நீர் விபத்தைப் பற்றி அவரே வந்து என்னிடம் சொன்னார். அது அசதியில் நேர்ந்தது. அதற்காக இவரை மாற்றுவதாக இருந்தால் நாங்கள் எல்லோருமே மாற வேண்டியவர்கள்.'

இரண்டாவது தாள் தலைமை மடத்தின் பதில். இரண்டே வரி. 'மாற்றலுக்கும் விபத்துக்கும் தொடர்பு இல்லை. முடிவு சென்ற ஜூனிலேயே எடுக்கப்பட்டது, இணைப்பைக் காண்க.'

பத்திரக்காரரின் முதுகு இன்னும் நேரானது. ஆக, விபத்துக்குப் பத்து மாதம் முன்பே ஏதோ நடந்திருக்கிறது. தன் மூக்கு பொய் சொல்லவில்லை. தாளைத் திருப்பினார்.

இணைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்பே எழுத்தை அடையாளம் கண்டுகொண்டார். இருபத்து மூன்று வயதில், மேசை போட்ட புதிதில், 'மேற்படி' என்ற சொல்லை ஒரு சுழி கூடுதலாகப் போட்டு எழுதுகிற பழக்கம் அவருக்கு இருந்தது.

'ஒன்று: மேற்படி சகோதரி எனது உடன்பிறந்த தமக்கை ஆவார். இரண்டு: எனது தங்கைக்கு வரன் முடிவாகும் தறுவாயில், மேற்படியார் தொழுநோயாளரிடையே பணிபுரிந்துவிட்டு எங்கள் வீட்டில் வந்து தங்குவது மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆட்சேபமாக உள்ளது. மூன்று: ஆகவே மேற்படியாரை வேறு பணிக்கும் வேறு ஊருக்கும் மாற்றித் தருமாறும், இது எங்கள் வேண்டுகோள் என்பதை மேற்படியாருக்குத் தெரிவிக்க வேண்டாம் என்றும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.'

ஓரத்தில் சிவப்பு மையில் வேறொரு கை எழுதியிருந்தது: 'குடும்பத்தார் கேட்பதால், அடுத்த மே மாற்றலில்.'

அந்தக் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. பத்து நாள் பார்த்தார், இருபது நாள் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அக்காவை மாற்றிவிட்டார்கள் என்று அவராகவே ஒரு பொய்யைச் சொன்னார். செப்டம்பரில் கல்யாணம் முடிந்தது. கல்யாணத்தோடு கடிதமும் அவர் நினைவிலிருந்து போயிற்று. பிடுங்கிய பல்லை யாரும் நினைத்துக்கொண்டிருப்பதில்லை. மடத்தில் வருடத்துக்கு ஒரே தடவை, மே மாதத்தில்தான் ஆள் மாற்றுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய கோரிக்கை நிறைவேறிய அன்று தங்கைக்கு ஏழாம் மாதம். யாருக்கும் அந்த மாற்றல் தேவைப்படவில்லை. அக்கா மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள், ஒரு காலை வேக வைத்ததற்குத் தண்டனை என்று நம்பிக்கொண்டு.

வராந்தாவில் டீ டம்ளர்களின் சத்தம் கேட்டது. பத்திரக்காரரின் கை தானாக வேலை செய்தது. தாளை உருவி, நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பதிவு அலுவலக ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவிய இரண்டு பேரை அவர் தன் காலத்தில் போலீசில் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

கண்ணாடி சிஸ்டர் டீயை வைத்தார். ஃபைலைப் பார்த்தார். மெலிந்திருந்தது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"நான் ரெண்டு மாசம் முன்னாடியே படிச்சுட்டேன் ஐயா. அவங்ககிட்ட சொல்ல எனக்கு உரிமை இல்ல. தெரிவிக்க வேண்டாம்னு எழுதினவர் நீங்க. வாசல்ல நீங்க கையெழுத்துப் போட்டதும் இவர்தான்னு தெரிஞ்சுபோச்சு."

ஐம்பது வருடத்துக்கும் மேலாக அவர் சந்தேகப்பட்ட மடம் காலையிலிருந்து மறைத்தது அவரைத்தான். டீ குடிக்காமல் எழுந்தார்.

வராந்தாவில் நடக்கும்போதே ஒரு வாக்கியம் தயாராகிவிட்டது. தொழில் அப்படி. காரணத்தைச் சொல்ல முடியாத இடத்தில் வைப்பதற்கென்றே சில சொற்கள் உண்டு.

அக்கா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கால் காரணம் இல்லக்கா" என்றார். "தலைமை மடத்துலயே எழுதியிருக்காங்க. விபத்துக்கும் மாற்றலுக்கும் சம்பந்தம் இல்ல."

துண்டு பாதி மடிப்பில் நின்றது. "அப்புறம்?"

"நிர்வாகக் காரணம்."

"நிர்வாகக் காரணமா?"

"ஆமா."

"காரணத்தைச் சொல்லக் கூச்சப்படறவங்களுக்குத்தான் அந்த வார்த்தையை எழுதித் தர்றதா நீயே ஒரு தடவை சொல்லிச் சிரிச்சே." அவள் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள். "உன் கை என்ன செய்யுது?"

பத்திரக்காரர் குனிந்து பார்த்தார். அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். பேசாமல் இருந்தால் இன்றைக்கு இதோடு முடியும். அக்காவே சொல்ல வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அப்பா பெயர், தங்கை புகுந்த வீட்டுப் பெயர், இருபத்து மூன்று வயதிலிருந்து கறையில்லாமல் காத்து வந்த தன் பெயர், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். இவள் மட்டும் எதற்காக மாற்றப்பட்டோம் என்று தெரியாமலே சாவாள்.

மடித்த தாளை வெளியே எடுத்தார்.

"என்னது?"

"ஃபைல்ல இருந்துச்சு. நான் எழுதினது."

"எனக்குக் கண்ணு தெரியல. படி."

தன் கடிதத்தைத் தானே படித்தார். 'ஒன்று' என்றார், 'இரண்டு' என்றார். மூன்றாவதில், தெரிவிக்க வேண்டாம் என்ற இடத்தில், குரல் நின்றுவிட்டது.

"படி" என்றாள் அக்கா.

படித்து முடித்தார்.

"தேதி?"

சொன்னார். அவள் உதட்டுக்குள் எண்ணினாள். "கால் வெந்தது அதுக்கு அடுத்த ஏப்ரல்."

"ஆமாக்கா."

"அப்போ நான் அதுக்காகப் போகல."

"இல்லக்கா."

பூசைக்கு மணி அடித்தது. கட்டில்களுக்கு இடையிலிருந்து நடக்க முடிந்தவர்கள் எழுந்து கோவில் பக்கம் போனார்கள். அறுபது வருடமாக மணி அடித்தால் எழுந்துவிடும் அக்கா, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"மணி அடிச்சுட்டாங்க" என்றார் பத்திரக்காரர்.

"கேக்குது."

வராந்தா காலியானது.

"ஆறு வருஷம்டா" என்றாள். "ஒவ்வொரு தடவை தட்டை மூடும்போதும் அந்தம்மா காலை நெனச்சுக்கிட்டேதான் மூடினேன். கை சுட்டா வெடுக்குன்னு எடுக்க மாட்டேன். இது எனக்கு வேணும்னு வச்சிருப்பேன். அந்தக் காலுக்கு நான் கொடுத்ததுன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு. இப்போ அதுவும் தங்கச்சி கல்யாணக் கணக்குல போயிடுச்சா?"

அவர் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தார்.

"பேசாதே. கோவமா இருக்கேன். கொஞ்ச நேரம் இரு."

இருந்தார். கோவிலிலிருந்து பாட்டு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அக்கா மீதித் துண்டுகளை மடித்து அடுக்கினாள்.

"இது ஒண்ணுதானா? இல்ல, வேற லெட்டரும் போட்டிருக்கியா?"

"இது ஒண்ணுதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ மறந்துடற ஆளு."

"சத்தியமா இது ஒண்ணுதான்கா."

"அந்த மலரை எடு."

துணிப்பையிலிருந்து அச்சுப்படியை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். நான்குக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் ஒரு குறி போட்டு, ஓரத்தில் எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார்: "நற்கருணை அப்பம் தயாரிக்கும் பணி, ஆறு ஆண்டுகள். உடன்பிறந்த தம்பி எழுதிய வேண்டுகோளின் பேரில் இப்பணிக்கு மாற்றப்பட்டார்."

"தங்கச்சி வீட்டுல படிப்பாங்க" என்றாள் அக்கா.

"படிக்கட்டும்."

"சித்தப்பா மகன் வீட்டுலயும்."

பத்திரக்காரர் எழுதிய வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். "படிக்கட்டும்."

"சரி. அந்தம்மா காலையும் எழுது. அது உன் கணக்குல வராது, அது என்னுது. நான் தண்ணியைப் பாக்கலைன்னு எழுது."

"மலர்ல போய் அதை…"

"எழுதுடா."

எழுதினார். பத்திரத்தில் ஒரு சொல்லைத் திருத்தினாலும் திருத்தியவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் திருத்தத்துக்கு அவர் போட்டார். இரண்டாவதற்கு அக்காவின் விரலைப் பிடித்து இடம் காட்டினார். அவள் போட்டாள்.

"முடிஞ்சுதுக்கா." பேனாவை மூடினார்.

"எங்கே முடிஞ்சுது? அந்த ஜன்னல்ல லென்ஸ் இருக்கு, எடுத்துட்டு வா. நீ என்ன எழுதியிருக்கேன்னு நான் பாக்கணும்."

"படிச்சுக் காட்டினேனே."

"நீ படிச்சதைக் கேட்டேன். எழுதினதைப் பாக்கல."

லென்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அச்சுப்படியை மடியில் வைத்து, எழுத்துக்கு எழுத்து விரலை நகர்த்திப் படித்தாள். பூசை முடிந்து ஆட்கள் திரும்பி வரும் வரைக்கும் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"எழுதிய வேண்டுகோளின் பேரில்னு போட்டிருக்கே. அதுக்கு முன்னாடி, 'அவருக்குத் தெரியாமல்'னு சேரு."

பத்திரக்காரர் பேனாவைத் திறந்தார்.